தளர்ந்து கிடந்த படகுக் கயிறுகள்

கடலோரச் சிற்றூர் ஒன்றில் மூன்று நாள் தங்கியிருந்தேன். நண்பகலில் போய் இறங்கியபோது தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. இந்த ஊரில் யாருக்கும் எதற்கும் அவசரமில்லை என்பதே என் முதல் எண்ணம். படகுத்துறையில் அது இன்னும் உறுதிப்பட்டது. துறைச் சுவரின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரிசையாக நின்ற படகுகளின் கயிறுகள் இழுத்துக் கட்டப்படாமல், நடுவே தொய்ந்து தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தன. ஏனோதானோவென்று கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பினேன். படகுகள் ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கியிருக்க, நண்பகலில் தொய்ந்திருந்த கயிறுகள் அத்தனையும் விறைத்து நின்றன. அவற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் நீர் வற்றும்போது படகு சுவரில் தொங்கியிருக்கும், அல்லது கயிறு அறுந்திருக்கும். நீர் இறங்கியதால் வெளிப்பட்ட சுவரை அருகில் சென்று பார்த்தேன்: மேலே உலர்ந்த கல், அதன் கீழே கல்லில் ஒட்டி வாழும், கைபட்டால் கீறிவிடும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகளின் வெண்பட்டை, அடியில் நீர் சொட்டும் பச்சைப் பாசி. கடல் எதுவரை ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் அந்தச் சுவரிலேயே பதிந்திருந்தது.

பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 16 மீட்டர் வரை போகிறது. நான் போன ஊரில் அவ்வளவு இல்லை என்றாலும், என்னை அச்சுறுத்த அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஈர மணல் வழியாக நடந்து ஒரு பாறைத்திட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்தால், வந்த வழியில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி கையசைத்து, மேடான பக்கத்தைக் காட்டினார். அவர் காட்டிய வழியே கரையேறினேன். வற்றிய நீர் முதல் ஒரு மணி நேரம் மெதுவாகத்தான் ஏறும் என்றும், மொத்த ஏற்றத்தில் பாதி மூன்றாம், நான்காம் மணிகளில்தான் நிகழும் என்றும் பிறகு அறிந்துகொண்டேன். தொடக்கத்தில் தெரியும் மந்தத்தை நம்பிப் போவதுதான் ஆபத்து. புதிய கடற்கரைக்குப் போகிறவர்கள் அன்றைய ஏற்ற நேரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் பாறைகளுக்குப் போக வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நண்பகல் தெருக்கள் வெறிச்சோடியதற்கும் காரணம் இருந்தது. விடியுமுன்பே கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் அப்போது உறங்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் தரை சூடேறி, அதன் மேலிருந்த காற்று எழும்ப, கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வரத் தொடங்கியதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மூன்றாம் நாள் பயணப் பையுடன் துறையில் காத்து நின்றேன். 12 மணிக்குக் கயிறுகள் இன்னும் முழுதாகத் தளரவில்லை. 1.40 அளவில்தான் அவை தொய்ந்து தண்ணீரைத் தொட்டன.