130 என்ற எண்ணை வைத்துக்கொண்டு மார் தட்டாதீர்கள்

நெடுஞ்செழியன்:
சர்க்கரை நோய் இழையில் கரிகாலன் நேற்று எழுதியது இது: "34 வயது, ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை, ஜி.எஃப்.ஆர். 130. நூறைத் தாண்டிய சிறுநீரகத்துக்கு என்ன கவலை?" படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம், தேர்வு மதிப்பெண் அல்ல. சர்க்கரை நோயின் தொடக்கத்தில் வடிகட்டல் கூடுவதுதான் பலருக்குச் சேதத்தின் முதல் படி. என் அப்பாவின் பழைய அறிக்கையிலும் இப்படித்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து டயாலிசிஸ்.

கரிகாலன்:
உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான். அதற்காக என் சிறுநீரகத்துக்கு இப்போதே ஒப்பாரி வைக்காதீர்கள். 60-க்குக் கீழே மூன்று மாதம் இருந்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய். என்னுடையது 130.

நெடுஞ்செழியன்:
விதியில் பாதியை விழுங்கிவிட்டீர்கள். எண் 60-க்கு மேல் இருந்தாலும், சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (தசையிலிருந்து வரும் கழிவு) 30 மில்லிகிராம் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் மூன்று மாதங்களுக்கு மேல் கசிந்தால் அதுவும் நோய்தான். அந்தச் சோதனை செய்தீர்களா?

தேன்மொழி:
பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் என்பதால் சொல்கிறேன். 130 அளந்த எண் அல்ல, இரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை வைத்துக் கணித்த எண். 2021-இல் வந்த கணிப்புச் சூத்திரப்படி 34 வயது ஆணுக்கு 130 வர வேண்டுமானால் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் அளவில் இருந்திருக்கும். தசை குறைந்தவர்களுக்கு அப்படி வரும். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் புரதத்தைப் பார்த்தால் தெளிவாகும். அதோடு, மிகை வடிகட்டல் என்கிறீர்களே, எல்லை எது? ஆய்வாளர்களே 120, 130, 140 என்று ஆளுக்கொன்று வைக்கிறார்கள்.

கரிகாலன்:
தசை குறைந்தவனா? வாரத்தில் ஐந்து நாள் எடை தூக்குகிறேன் அம்மா. ஆளைப் பார்க்காமல் பேசாதீர்கள்.

நெடுஞ்செழியன்:
அப்படியானால் நிலைமை இன்னும் மோசம். தசை நிறைந்த உடம்பில் 0.6 என்றால் வடிகட்டல் உண்மையிலேயே எகிறியிருக்கலாம். சர்க்கரை ஏறும்போது சிறுநீரக நுண்குழாய் சர்க்கரையோடு உப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த கட்டத்துக்கு உப்பு குறைவாகப் போகிறது. வடிகட்டல் போதவில்லை என்று எடுத்துக்கொண்ட சிறுநீரகம், உள்ளே வரும் நுண்தமனியை விரிக்கிறது. இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான வடிமுடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அளவுக்கு மீறி உழைக்கும் வடிமுடிச்சுகள் தழும்பேறி அழியும் என்று சிறுநீரக மருத்துவர் பிரென்னரின் குழு 1982-லேயே எழுதிவிட்டது. ஆல்புமின் எவ்வளவு?

சிலம்பன்:
சென்ற ஆண்டு புரதப் பொடி இழையில், அதிகப் புரதமும் வடிகட்டலைக் கூட்டும் என்று நான் எழுதினேன். "படித்துவிட்டு வாருங்கள்" என்று கரிகாலன் என்னை விரட்டினார். அதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

கரிகாலன்:
பழங்கணக்கைத் தீர்க்க வேறு இடம் பாருங்கள் சிலம்பன். கர்ப்பிணிகளுக்கு ஜி.எஃப்.ஆர். ஏறத்தாழ ஐம்பது சதவீதம் கூடுகிறது. அவர்கள் எல்லோரும் நோயாளிகளா?

தேன்மொழி:
அது பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிடும். நான் கேட்ட எல்லைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நெடுஞ்செழியன்:
எண் கூடினால் நல்லது என்றால், நுண்குழாய் சர்க்கரையை உறிஞ்சுவதைத் தடுக்கும் எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பு மாத்திரை முதல் வாரங்களில் அதே எண்ணைச் சற்று இறக்கிவிட்டுச் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி? 2019-இல் கிரெடென்ஸ், 2020-இல் டாப்பா-சி.கே.டி. என இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டியது அதைத்தான். கரிகாலன், ஆல்புமின்?

கரிகாலன்:
மாத்திரை விற்க வந்தவர் போலப் பேசுகிறீர்கள்.

நெடுஞ்செழியன்:
அப்பாவை வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனவன் பேசுகிறேன். விற்க என்னிடம் எதுவும் இல்லை. நான்காவது முறையாகக் கேட்கிறேன்: ஆல்புமின் எவ்வளவு?

கரிகாலன்:
130. அறிக்கையில் இருப்பது அதுதான்.

சிலம்பன்:
என்னிடமும் இப்படித்தான் நழுவினார். அந்த இழையைத் தேடி எடுத்துப் போடுகிறேன், இருங்கள்.