பழைய விண்ட்சேர்ஃபிங் பலகை: குதிகால் வைக்கும் இடம் அமுங்குகிறது, உள்ளே தண்ணீரும் இருக்கும்போலத் தெரிகிறது

உப்புவெளிப்பாய்:
வணக்கம் அண்ணாமார். ஊரைவிட்டுப் போன வெளிநாட்டுக்காரர் ஒருவரிடமிருந்து பழைய பலகை ஒன்று கைக்கு வந்தது. 1990களின் கடைசியில் செய்தது, 130 லீற்றர். குதிகால் படும் இடத்தைப் பெருவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது. பாய்மரம் பூட்டும் தடத்தின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. தூக்கினால் பாரம். மீன்பிடிப் போட்டுகளுக்குப் பைபர் ஒட்டுகிற கடையில் ரெசினும் மெட்டும் (பைபர் நார் விரிப்பு) வாங்கி மேலால் ஒட்டிவிடலாமா? கச்சான் காற்று தொடங்க முதல் இறக்க ஆசை.

நிலாவெளி_பட்டறை:
தம்பி, ரெசின் வாங்கவில்லை என்றால் பொறுங்கள். போட் கடையில் கிடைப்பது பொலியெஸ்டர் ரெசின். உங்கள் பலகைக்குள் இருப்பது பெரும்பாலும் ரெஜிபோம், அந்த வெள்ளை மணி மணியான நுரை. பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும். மேலே வடிவாக இறுகியிருக்கும், கீழே குழி விழுந்திருக்கும். இதற்கு எபோக்சி ரெசின்தான் வேண்டும். சின்ன ஓட்டை என்றால் அரல்டைட்டே போதும், அதுவும் எபோக்சிதான்.

ஒட்டுவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு நாணயத்தை எடுத்து மேல்தளம் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூராகக் கேட்கும், மேல்தோல் நுரையை விட்டுக் கழன்ற இடத்தில் 'பொத் பொத்' என்று அடங்கிப்போகும். அந்த எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அப்புறம் மீன் வியாபாரியிடம் தராசு வாங்கி நிறுங்கள். காற்றுத் திருகை (உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) கழற்றி, நிழலில் வாலைக் கீழாகத் தொங்கவிட்டு, நிறை குறைவது நிற்கும்வரை காய விடவேண்டும். ரெஜிபோம் மணிகளுக்கு இடையில் போன தண்ணீர் லேசில் வெளியே வராது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அடுத்த வெயிலில் ஒட்டு திரும்பக் கிளம்பும்.

பைபர்வேலை:
நான் போட் வேலைதான் செய்கிறேன், அண்ணா சொல்வது சரி. மெட்டையும் விட்டுவிடுங்கள். அதன் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபோக்சி அதற்குள் ஒழுங்காக ஊறாது. நெய்த கண்ணாடித் துணி கேட்டு வாங்குங்கள். ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) போத்தலில் போட்டிருக்கும் விகிதப்படி அளந்தே கலக்கவேண்டும். பொலியெஸ்டருக்குச் செய்வதுபோலக் கூடக்கொஞ்சம் ஊற்றினால் எபோக்சி சீக்கிரம் இறுகாது, கெட்டுத்தான் போகும்.

உப்புவெளிப்பாய்:
நன்றி அண்ணாமார். தட்டிப் பார்த்தேன், கால் நுழைக்கும் பட்டிகள் இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் 'பொத்' என்கிறது. நிறை 11 கிலோ 400. காற்றுத் திருகின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது.

நிலாவெளி_பட்டறை:
அந்த அளவுப் பலகை புதிதில் 8, 9 கிலோ இருந்திருக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, அப்போ கணக்கு விளங்கும். தண்ணீர் போன வழிகளில் அந்த வளையமும் ஒன்று, புதிது போடுங்கள். கரையில் திருகைத் தளர்த்தி வையுங்கள், இறக்க முதல் மறக்காமல் இறுக்குங்கள். நம்மூர் மத்தியான வெயிலில் மூடிய பலகையைக் கிடத்தினால் உள்ளே காற்று விரிந்து தோலைத் தூக்கும். வீட்டில் ஒட்டிய எபோக்சி பலதும் 60 பாகை செல்சியஸை அண்டினாலே இளகும். கறுப்பு நிறத் தளம் அந்தச் சூட்டைத் தொட அதிக நேரம் எடுக்காது.

உள்ளங்கை அளவு என்றால், காய்ந்தபிறகு 3 மில்லிமீற்றர் ஓட்டைகள் சில போட்டு, ஊசியால் தண்ணிப் பதமான எபோக்சி ஏற்றி, பொலித்தீன் விரித்து, மணல் பை வைத்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் இன்னொரு படை போடமுன் தண்ணீரால் துடையுங்கள், ஈரப்பதமான காலத்தில் மேலே பிசுபிசுப்பு நிற்கும், அதன்மேல் அடுத்த படை பிடிக்காது.

தட வெடிப்பில்தான் எனக்குப் பயம். பாயின் இழுவை முழுக்க அந்த இடத்தில்தான் வருகிறது. புட்டி பூசி மறைக்காதீர்கள். வெடிப்பைத் தேய்த்துத் திறந்து, சுற்றிலும் ஐந்து விரல் அகலம் வரை துணி இரண்டு படை போடுங்கள். தடத்தைக் கையால் அசைத்துப் பார்த்தால் சற்றாவது ஆடுகிறதா? ஆடினால் நீங்களாகச் செய்யவேண்டாம், பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். நம் கிழக்குக் கரையில் கச்சான் கரையிலிருந்து கடலுக்குத்தான் அடிக்கும். உப்புவெளியில் பாய்மரம் கழன்றால் காற்று உங்களை வெளியேதான் கொண்டுபோகும்.

உப்புவெளிப்பாய்:
அசைத்துப் பார்த்தேன் அண்ணா, ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.