ஊசி போட்டபின் மூடியை மாட்டும் பழக்கத்தை மாணவர்களிடம் எப்படி நிறுத்துவது?

கேள்வி:
முதல் வார்டு போஸ்டிங்குக்குப் போகும் நர்சிங் மாணவர்களுக்கு ஊசி போடும் முறை நன்றாகவே வருகிறது. போட்டு முடித்ததும் கை தானாக மூடியைத் தேடுகிறது. "விரலில் குத்திவிடும், மூடாதே" என்று சொல்லிச் சொல்லியும் பயனில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில் 1:
மூடக் கூடாதென்றால் அந்த ஊசி எங்கே போக வேண்டும்? பயன்படுத்திய ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் பெட்டி வார்டின் கோடியில் இருக்கும்போது, திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் நடக்கப் பயந்துதான் மூடுகிறார்கள். அந்தப் பெட்டி கட்டிலருகே வரட்டும். ஊசி பிடிக்கும் கைப்பக்கம், எட்டும் தூரத்தில், அதன் வாய் கண்ணில் படும் உயரத்தில். ஊசியை உருவியதும் ஒரு கை பஞ்சை அழுத்த, மறு கை நேரே பெட்டிக்குப் போக வேண்டும். நடுவில் ட்ரேயில் வைக்கும் அந்த ஒரு நொடிதான் வினை. மருந்து ஏற்றுவதைப் போலவே இந்த அசைவையும் பொம்மையில் பத்து இருபது தடவை பழக்குங்கள்.

பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் திணித்தால் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அடுத்தவர் விரலில் ஏறும்.

மூடியே தீர வேண்டிய அரிய நேரத்தில், மூடியைச் சமதளத்தில் படுக்கவைத்து, ஒரே கையால் ஊசி முனையை அதற்குள் நுழைத்துத் தூக்கி, மூடியின் நுனியைக் கெட்டியான பரப்பில் அழுத்தி இறுக்கலாம். பழகும்போது இடக்கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

பதில் 2:
கான்யூலாவையும் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கை ரத்தக்குழாயை அழுத்த, மறு கை மருந்துக் குழாயை இணைக்க, உருவிய ஊசி படுக்கை விரிப்பில் கிடக்கும். விரிப்பை மடிக்கிறவர் கையில் அது குத்தும். துள்ளுகிற குழந்தை, குழம்பிய நோயாளி என்றால் பிடிக்க இன்னொருவர் வரும்வரை தொடங்கவே கூடாது. ஆம்பூலை (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) காஸ் துணி சுற்றி, கழுத்து தன்னை நோக்காதபடி உடைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியும் குத்திவிட்டால்?

பதில் 3:
உடனே சோப்பும் ஓடும் நீரும். பிதுக்க வேண்டாம், பிளீச் வேண்டாம். திட்டு விழுமென்று மறைக்கத்தான் மாணவர்கள் முயல்வார்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணிக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஹெபடைடிஸ் பி இன்னும் எளிதாகத் தொற்றும். அதற்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று தடுப்பூசி. கடைசி ஊசிக்கு 1–2 மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தப் பரிசோதனை. போஸ்டிங் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஆரம்பியுங்கள்.