காதுகுத்தும் சரோஜா அத்தையின் சியாங் மாய் டிக்கெட்டும்

‘மேலத்தெரு வீடு’ குழு, மார்கழி ஞாயிறு

கௌரி, காலை 9:12
எல்லோருக்கும் வணக்கம். குட்டிக்குக் காதுகுத்து நாள் குறித்தாயிற்று. தை 11, ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. நம்ம ஐயனார் கோயில்தான். 9 மணிக்குள் மொட்டை, அப்புறம் காது. ஒருவர்கூட விடுபடக் கூடாது.

ரமேஷ், 9:13
எத்தனை இலை என்று இன்றைக்கே சொன்னால் நல்லது. சமையல்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

விஜயா, 9:15
ரொம்பச் சந்தோஷம் கௌரி. நாங்கள் நாலு பேர்.

கார்த்தி, 9:16
தாய்மாமன் மடி தயார்.

பரிமளா, 9:17
மடி மட்டும் போதாது. சீர்?

கார்த்தி, 9:17
அம்மா, குழுவில் வேண்டாமே.

சரோஜா, 9:31
கௌரி, செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜனவரி 17 ராத்திரி சென்னையிலிருந்து பாங்காக்குக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அங்கிருந்து ரயிலில் வடக்குத் தாய்லாந்தில் இருக்கும் சியாங் மாய். திரும்பி வருவது பிப்ரவரி 6. காணும் பொங்கல் கழித்துக் கிளம்பினால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று நினைத்துத்தான் அந்தத் தேதியைப் பிடித்தேன். அடுத்த வாரம் எல்லோரிடமும் சொல்லலாம் என்றிருந்தேன்.

விஜயா, 9:32
மறுபடியுமா

விஜயா, 9:32
தனியாகவா

கார்த்தி, 9:33
அத்தை!!!

ரமேஷ், 9:33
அப்போது ஒரு இலை குறைக்கட்டுமா?

கௌரி, 9:34
நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள்.

மணி, 9:40
இந்தத் தடவையாவது போவதற்கு முன்னால் சொன்னாயே.

பரிமளா, 9:41
விடிந்ததும் ஆரம்பிக்காதீர்கள்.

விஜயா, 9:46
அக்கா, அங்கே கம்போடியாவோடு சண்டை என்று டிவியில் காட்டினார்கள். குண்டெல்லாம் போட்டார்களாம். 67 வயதில் இது தேவையா? முட்டி வேறு.

சரோஜா, 9:58
விஜி, சண்டை கிழக்கு எல்லையில். சியாங் மாய் வடமேற்கு மூலை, பர்மா பக்கம். பாங்காக்கிலிருந்தே ரயில் பாதையில் 751 கிலோமீட்டர் வடக்கே. கன்னியாகுமரியில் புயல் என்றால் சென்னையில் இருக்கிறவர்களை வெளியே போகாதே என்று சொல்வது போல. ரயில் பாங்காக்கின் பாங் சூ நிலையத்திலிருந்து சாயங்காலம் புறப்படும். (முன்னெல்லாம் ஹுவா லம்போங் நிலையம், 2023-ல் தூர ரயில்களைப் புது நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) கீழ்ப் படுக்கை கேட்டிருக்கிறேன். ஊழியர் வந்து படுக்கை விரித்து, திரை போட்டுவிட்டுப் போவார். விடிகாலையில் கண் விழித்தால் மலை ஏறிக்கொண்டிருக்கும், ‘குன் தான்’ என்ற சுரங்கம் ஒன்று வரும், அது தாண்டினால் ஊர் வந்தாயிற்று. முட்டிக்கு அங்கேதான் வைத்தியம். சிறையில் தண்டனை முடியப்போகும் பெண்களுக்கு மசாஜ் தொழில் கற்றுக்கொடுத்து ஒரு நிலையம் நடத்துகிறார்கள். 2019-ல் அங்கே ஒரு பெண் என் முட்டியைப் பிடித்துவிட்ட பிறகு நாலு நாள் படி ஏறி இறங்கினேன்.

விஜயா, 9:59
சிறைக்கைதியா

கார்த்தி, 10:00
நல்ல விஷயம்தானே விஜி அத்தை.

ரமேஷ், 10:02
கிடாவா, சர்க்கரைப் பொங்கலா? அதுவும் முடிவாக வேண்டும்.

மணி, 10:03
கிடா. நம் அப்பா வேண்டிக்கொண்டது.

பரிமளா, 10:04
அது கார்த்திக்கு வேண்டிக்கொண்டது. அது அப்போதே முடிந்துவிட்டது.

கௌரி, 10:06
அத்தை, பிப்ரவரி கடைசியில் போகக் கூடாதா? எனக்காகக் கேட்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் என்னைத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நீங்கள்தான். நீங்கள் இல்லாமல் குட்டிக்குக் காது குத்துவதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

சரோஜா, 10:19
கண்ணு, நீ இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். பிப்ரவரி பாதிக்கு மேல் அங்கே புகைக் காலம். வயல் தாளையும் காட்டையும் கொளுத்துவார்கள், ஏப்ரல் வரை விடாது. ஊரைச் சுற்றி மலை, புகை போக வழியில்லாமல் கிண்ணத்தில் தேங்கின மாதிரி நிற்கும். டோய் சுதேப் மலை ஊரை ஒட்டியே இருக்கிறது, அந்த மலையே கண்ணுக்குத் தெரியாது. எனக்கு வீசிங் இருப்பது உனக்குத் தெரியும். அப்புறம் வெயில், அதற்கப்புறம் மழை. எனக்கு ஒத்துவருவது நவம்பரிலிருந்து இந்த மூன்று மாதம்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால், 8 கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு அடுத்த வருஷமும் நடப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

கௌரி, 10:20
ம்

கார்த்தி, 10:24
அத்தை, வருகை அட்டை நிரப்பியாயிற்றா? 2025 மே 1-லிருந்து அது இணையத்தில்தான். இறங்குவதற்கு முன் 3 நாளுக்குள் போட வேண்டும்.

விஜயா, 10:25
எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பணம் கட்டினாராம்.

கார்த்தி, 10:26
ஏமாந்திருக்கிறார். அரசுத் தளத்தில் இலவசம். அத்தை, 15-ஆம் தேதி வீடியோவில் வாருங்கள், உட்கார்ந்து போட்டுவிடலாம். விசா விதியையும் அன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

மணி, 10:31
அந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சரோஜா, 10:52
அண்ணா, நீ கேட்டதற்கு நன்றி. இத்தனை வருஷத்தில் நீ கேட்டதே இல்லை.

ஊர் சதுரமாக இருக்கும். நாலு பக்கமும் அகழி, மூலையில் பழைய செங்கல் மதில். மங்ராய் என்ற ராஜா 1296-ல் கட்டிய ஊர். தொலைந்து போக முடியாது, எப்படி நடந்தாலும் ஏதாவது ஒரு பக்கத்து அகழியில் கொண்டுவிடும். கிழக்கே தா பே வாசல். காலையில் 6 மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தால் பிட்சுக்கள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள், கடைக்காரப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டுச் சோறு போடுவார்கள். நடு ஊரில் செடி லுவாங் கோயில். 1545-ல் நிலநடுக்கத்தில் உச்சி சரிந்தது, அதைத் திரும்ப எழுப்பவில்லை. செங்கல் மலை மாதிரி நிற்கும். மரத்தடியில் நாற்காலி போட்டு இளம் பிட்சுக்கள் ஆங்கிலம் பழக நம்மோடு பேசுவார்கள். ஒரு பையன் என்னிடம் ‘உங்கள் அம்மா என்ன சமைப்பார்?’ என்று கேட்டான். அம்மாவின் வத்தக்குழம்பைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். அம்மா போன பிறகு அவளைப் பற்றி யாரும் என்னிடம் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

மணி, 10:58
வத்தக்குழம்பா

பரிமளா, 10:59
சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் சரோ? நீ கவிச்சி விட்டுப் பத்து வருஷமாயிற்றே.

சரோஜா, 11:10
அண்ணி, ‘ஜே’ என்று ஒரு சொல் போதும். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து போட்டுத் தொங்கும் கடை. மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூட இல்லை. மற்ற இடத்தில் காய்கறி என்று சொன்னாலும் மீன் சாறு ஒரு கரண்டி விட்டுவிடுவார்கள். நான் போகும் கடை வரோரோட் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே காவ் சோய் என்று ஒரு நூடுல்ஸ் குழம்பு. தேங்காய்ப்பாலில் மஞ்சளும் மசாலாவும் கொதிக்கும், கிட்டத்தட்ட நம் சொதி நிறம். அடியில் வெந்த நூடுல்ஸ், மேலே அதே நூடுல்ஸைப் பொரித்து ஒரு கூடு மாதிரி வைப்பார்கள். பக்கத்தில் ஒரு தட்டில் ஊறின கடுகுக்கீரை, எலுமிச்சை, வறுத்த மிளகாய் விழுது. பொரித்த கூடு குழம்பில் ஊறி நமுத்துப் போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கடைக்கார அம்மா பக்கத்தில் நின்று கையால் காட்டிக்கொண்டே இருப்பார், சீக்கிரம் சீக்கிரம் என்று.

ரமேஷ், 11:11
பசிக்கிறது.

விஜயா, 11:12
எனக்கும்

கார்த்தி, 11:14
அந்தச் சிவப்பு வண்டியில்தானே சுற்றுவீர்கள்? ஆட்டோ மாதிரி.

சரோஜா, 11:16
வேன் மாதிரி, பின்னால் இரண்டு பெஞ்ச். 2016-ல் 20 பாட், அடுத்த தடவை 30. கை காட்டி இடத்தைச் சொன்னால், வழியில் இருந்தால் தலையாட்டுவார்.

மணி, 11:30
2016-ல் நீ போனது எனக்கு பாங்காக்கிலிருந்து வந்த போனில்தான் தெரியும். டிசம்பர் மாதம். அந்த நாட்டு ராஜா இறந்து ஊரே கறுப்புச் சட்டையில் இருந்த சமயம். நான் டிவியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்றுகூடத் தெரியாது. அதுதான் எனக்குக் கோபம். நீ போனது இல்லை.

சரோஜா, 11:33
சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா அண்ணா?

மணி, 11:41
விட்டிருக்க மாட்டேன்.

பரிமளா, 11:42
இவர் பேசாமல் இருந்த இரண்டு மாதமும் நான் உன்னோடு பேசியது இவருக்குத் தெரியும். தினமும் ராத்திரி ‘சரோ என்ன சொன்னாள்’ என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பார்.

விஜயா, 11:43
அண்ணி!

கௌரி, 11:43
அப்பா

மணி, 11:50
சரி சரி. தேதிக்கு வாருங்கள்.

கார்த்தி, 11:55
இப்படிச் செய்யலாமா: அத்தை டிக்கெட்டை 27-க்கு மாற்றுவது. 25 கோயில், 26 ஓய்வு, 27 கிளம்புவது. கட்டணம் எவ்வளவு என்று நாளைக்குக் கேட்கிறேன். நான் கட்டுகிறேன்.

கௌரி, 11:56
இல்லை நான் கட்டுகிறேன்.

ரமேஷ், 11:56
அல்லது காதுகுத்தை பிப்ரவரி 8-க்குத் தள்ளலாம். அதுவும் ஞாயிறுதான், இன்னும் தை.

பரிமளா, 11:57
அது தேய்பிறை.

ரமேஷ், 11:57
சரிங்க அத்தை.

சரோஜா, 12:14
27 எனக்குச் சம்மதமா என்று கேட்டால், பாதி சம்மதம். அந்த வீட்டுக்கார அம்மாவிடம் 19-ஆம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதை உங்களுக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நான் இரண்டு தடவையும் தங்கியது அவர் வீட்டில்தான், பிங் ஆற்றங்கரைப் பக்கம், ஒரு சந்துக்குள். மொத்தமே நாலு அறை. என்னை ‘பா’ என்று கூப்பிடுவார். பா என்றால் பெரியம்மா. 2024 அக்டோபரில் வெள்ளம் வந்ததே, நவரத் பாலத்தில் ஆறு 5.30 மீட்டர் ஏறியது, அளவு எடுக்க ஆரம்பித்ததிலிருந்து அதுதான் அதிகம். கரையோரத் தெருவெல்லாம் முழுகிவிட்டது. மூன்று நாள் அவரிடமிருந்து பதிலே இல்லை. நாலாவது நாள் ஒரு படம் வந்தது. கீழ் அறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு, அதன் பக்கத்தில் அவர் நிற்கிறார், கோடு அவர் மார்பளவு. மெத்தைகளை வாசலில் சாய்த்து வைத்திருந்தார். இப்போது சுவரெல்லாம் வெள்ளை அடித்துவிட்டாராம். ஆனால் நான் இருந்த அறையில் கதவுக்குப் பின்னால் அந்தக் கோட்டை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறாராம், பா வந்து பார்த்த பிறகுதான் அடிப்பேன் என்று. அதனால்தான் இந்த வருஷமே போகணும் என்று நிற்கிறேன்.

(சரோஜா ஒரு படம் அனுப்பினார்)

விஜயா, 12:16
ஐயோ பாவம். நின்றுகொண்டு சிரிக்கிறார் பார்.

கௌரி, 12:19
அத்தை, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஐயனார் கோயில் பூசாரியிடம் சாயங்காலம் கேட்கிறேன், மாசியில் வளர்பிறை ஞாயிறு இருக்கிறதா என்று.

பரிமளா, 12:20
மாசி ஆகட்டும். ஆனால் 25-ஐ இன்னும் விட்டுவிடாதே.

கார்த்தி, 12:21
நானும் நாளைக்கு டிக்கெட் விவரம் கேட்கிறேன். இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

விஜயா, 12:22
கார்த்தி, நீயும் கூடப் போயேன்.

சரோஜா, 12:22
வேண்டாம்.

கார்த்தி, 12:23
வேண்டாமாம். லைவ் லொகேஷன் போதும்.

சரோஜா, 12:24
ராத்திரி ஒரு தடவை அனுப்புகிறேன். நாள் முழுக்க வேண்டாம்.

மணி, 12:40
இன்றைக்குத் திருவெம்பாவை படிக்கும்போது ஞாபகம் வந்தது. பாங்காக்கில் அதைப் பாடுகிறார்கள் என்று நீ ஒரு தடவை சொன்னாயாமே. பரிமளா சொன்னாள்.

சரோஜா, 12:51
ஆமாம் அண்ணா. பெரிய ஊஞ்சல் என்று சிவப்புத் தூண் இரண்டு வானத்துக்கு நிற்கும், அதன் பக்கத்தில் தேவஸ்தானம் என்ற கோயில். அரண்மனைப் பிராமணர்கள் இந்தப் பருவத்தில் நடத்தும் சடங்குக்கே ‘திரியம்பாவாய்’ என்றுதான் பெயர். அதில் திருவெம்பாவைப் பாட்டு வரும். ஏடு கிரந்த எழுத்தில். தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு வந்ததால் நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது என்கிறார்கள். ஊஞ்சலில் ஆள் ஏறி ஆடுவதை 1935-ல் நிறுத்திவிட்டார்கள், பாட்டை நிறுத்தவில்லை. போகிற வழியில் இறங்கி அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டு உனக்குப் படம் அனுப்புகிறேன்.

மணி, 12:55
படம் வேண்டாம். போனில் கூப்பிட்டுச் சொல்.

மணி, 12:57
அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு என்ன கொண்டுபோகிறாய்?

சரோஜா, 12:58
இன்னும் யோசிக்கவில்லை.

மணி, 1:03
பரிமளா கைமுறுக்கு சுற்றித் தருகிறாளாம். டின்னில் போட்டால் நொறுங்காது. பையில் இடம் இருக்குமா?

சரோஜா, 1:04
இருக்கும் அண்ணா.

ரமேஷ், 1:20
கிடாவா, பொங்கலா? யாராவது சொல்லுங்கள்.