மூன்று பிள்ளைகளோடு டவுன் பஸ்

மூன்றையும் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் எனக்கு முதலில் விழும் கேள்வி, "மூணும் உங்க பிள்ளைங்களா?" ஆமாம் என்றால் அடுத்தது, "ரெண்டாவதும் பொண்ணாப் போயிடுச்சோ?" மூத்தவள் பெண், அடுத்த பிரசவத்தில் இரட்டைப் பையன்கள் என்று விளக்கினால்தான் விடுவார்கள். கேட்பவர்களையும் குறை சொல்ல முடியாது. சுவருக்குச் சுவர் 'நாம் இருவர் நமக்கு இருவர்' படித்து வளர்ந்த ஊர் இது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். மூன்றோடு போகிறவளைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

நாங்கள் இருப்பது திருச்சி ஸ்ரீரங்கத்தில், அம்மா வீடு உறையூரில். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் எனக்குக் காசு கிடையாது, ஐந்து வயது வரை பையன்களுக்கும் கிடையாது. செலவு மிச்சம்தான், ஆனால் ஏறுவதுதான் பாடு. ஒருவன் இடுப்பில், ஒருவன் கையில், மகள் முன்னால் ஏறிப் பையை வாங்கிக்கொள்வாள்.

ஏறிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நின்றுகொண்டிருக்கும் தாயின் பிள்ளையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் பஸ்களில் இன்னும் இருக்கிறது. யார், எந்த ஊர் என்றெல்லாம் கேட்பதில்லை, "இங்க குடும்மா" என்று கை நீளும், அவ்வளவுதான். ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருத்தி சின்னவனை வாங்கிக்கொண்டாள். உடனே பெரியவனுக்கும் மடி வேண்டும் (ஐந்து நிமிஷம் முன்னால் பிறந்ததால் அவன் பெரியவன்). பூக்கூடையோடு இருந்த ஒரு பாட்டி கூடையைக் காலடியில் இறக்கிவிட்டு அவனைத் தூக்கி வைத்துக்கொண்டார். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அரை முழம் மல்லிகையை உதிர்த்துவிட்டான். காசு கொடுக்கப் போனேன். "போ தாயி, எம் பேரன் முழுக்கூடையையே கவுப்பான்" என்றார்.

இன்னொரு வகை மனிதர்களும் உண்டு. ஜன்னல் சீட்டுக்குப் பையன்கள் அடித்துக்கொண்டால் அவர்களை விட்டுவிட்டு என் மகளிடம், "நீதான பெரியவ, விட்டுக்குடு" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வருவது இங்கேதான். அவளுக்கே ஆறு வயது, முன்பல் விழுந்து நிற்கிறாள். பை தூக்குகிறாள், தம்பிகளுக்குச் செருப்பு மாட்டிவிடுகிறாள், மலைக்கோட்டை தெரியும் ஜன்னலாவது அவளுக்கு இருக்கட்டுமே. இப்போதெல்லாம் போகும்போது ஜன்னல் அவளுக்கு, திரும்பும்போது தம்பிகளுக்கு. யார் அழுதாலும் மாற்றுவதில்லை.

தடுப்பூசி நாள் தனிக் கூத்து. புதன்கிழமை சுகாதார நிலையத்தில் ஒன்றரை வயது ஊசிக்குப் போயிருந்தோம். ஒருவனுக்குப் போட்டதும் அவன் அழுத அழுகையில், இன்னும் போடாதவன் அதைவிடப் பலமாக அழுதான். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே, "ரெட்டைப் பிள்ளைக்கு எப்பவும் பயந்தவனுக்குத்தான் முதல்ல போடணும்மா" என்றார். இரட்டைக் குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்களே, அந்த நேரத்துக்குக் கையில் ஏதாவது தின்பண்டம் அவசியம். காய்ச்சல் கதை வேண்டாம், உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒருவனுக்கு விட்டால் அடுத்தவனுக்கு வரும், கடைசியில் எனக்கு.

சரி, சிரித்த கதையோடு நிறுத்துகிறேன். கோடையில் காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. "தண்ணிய யாரும்மா குடிச்சா?" என்றான் சின்னவன். "இவன்தான்" என்று பெரியவன் தம்பியையே காட்டினான். மேட்டூரில் கதவு திறந்தால் தண்ணீர் வரும், ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள் என்று சொல்லி வைத்தேன். அதிலிருந்து பஸ் ஏறும்போதெல்லாம் கண்டக்டரிடம், "மாமா, கதவத் தொறந்தாச்சா?" அவரும் ஒவ்வொரு முறையும் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "தொறந்துதான்டா இருக்கு, உள்ள வா" என்கிறார்.