முதல் வில்: எத்தனை பவுண்டில் தொடங்கினீர்கள்?

பாரம்பரிய வில் வாங்க நினைக்கிற யாரும் முதலில் கேட்பது, “எத்தனை பவுண்டு எடுக்கலாம்?” என்பதைத்தான். வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசையைத்தான் இங்கே பவுண்டில் சொல்கிறோம். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சேருங்கள்.

தினமும் உடற்பயிற்சி செய்கிற ஓர் இளைஞர் 50 பவுண்டு லாங்போவோடு (நீளமான, நேரான பாரம்பரிய வில்) பயிற்சிக்கு வந்தார். முதல் சில அம்புகள் ஒழுங்காகப் போயின. அப்புறம் நாண் கன்னத்தைத் தொடுவதற்கு முன்பே விரல்கள் விட்டுவிட்டன. இழுக்கிற தோள் காதை நோக்கி ஏறியது, உடம்பு பின்னால் சாய்ந்தது. அவருக்குப் பலம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வில்லை இழுத்து நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ள முதுகுத் தசைகளுடையது. எடை தூக்கிப் பழகிய உடம்புக்கும் இந்த அசைவு புதுசுதான். அன்றே 25 பவுண்டு வில் ஒன்றைக் கொடுத்தோம். நின்று, நிதானமாக இழுத்து, குறிபார்த்து விட அவருக்கு நேரம் கிடைத்தது. மாலைக்குள் அம்புகள் ஒரே பக்கம் சேர்ந்து விழ ஆரம்பித்தன.

உருளைகள் பொருத்திய நவீன காம்பவுண்ட் வில்லில் பழகிவிட்டு வருகிறவர்களிடம் வேறொரு குழப்பத்தைப் பார்க்கிறேன். “நான் 60 பவுண்டு இழுத்தவன்” என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வில்லின் உருளைகள், முழுதாக இழுத்த பிறகு சுமையில் 80 சதவீதம் வரை குறைத்துவிடும். அப்படியானால் கையில் நிற்பது 12 பவுண்டுதான். பாரம்பரிய வில்லில் அந்தச் சலுகை இல்லை. இழுக்க இழுக்கச் சுமை ஏறிக்கொண்டே போகும், நாம் குறிபார்க்கிற இடத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும்.

என் கணக்கில், பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 20 முதல் 30 பவுண்டுக்குள் முதல் வில் அமைந்துவிடும். மெலிந்த உடல்வாகு என்றால் 18. சிறுவர்களுக்கு 10 முதல் 15 போதும். அதற்கு மேல் வாங்கிக்கொடுத்து “வளர்ந்து சரியாகிவிடுவான்” என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

*

நான் 18 பவுண்டில் தொடங்கினேன். என்னோடு சேர்ந்த தோழி 40 பவுண்டு ரீகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) வாங்கினாள், அடிக்கடி மாற்ற வேண்டாமே என்ற எண்ணத்தில். கொஞ்ச நாளில் தோளில் வலி. கையை மேலே தூக்கித் தலை சீவ முடியவில்லை. தசைநாண் வீங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்ல, மாதக்கணக்கில் வில்லைத் தொடாமல் இருந்தாள். திரும்பி வந்தபோது 20 பவுண்டு எடுத்தாள். இப்போது என்னைவிட நன்றாக எய்கிறாள்!

குறைந்த பவுண்டு என்றால் அம்பு போய்ச் சேராது என்ற பயம் வேண்டாம். 10 மீட்டர், 18 மீட்டர் இலக்குக்கு 18 பவுண்டு வில்லே போதும். அம்பை மட்டும் வில்லுக்கு ஏற்ற வளையும் தன்மையில் எடுக்க வேண்டும். 45 பவுண்டு வில்லுக்கான விறைப்பான அம்பை இதில் வைத்தால், வலக்கைக்காரர்களுக்கு அது இடப்பக்கமே ஒதுங்கும். நம் கையில்தான் கோளாறு என்று பலரும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

*

முதலில் எழுதிய நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வில்லில் எழுதியிருக்கும் எண், 28 அங்குலம் இழுத்தால் வரும் சுமை. உங்கள் இழுப்பு நீளம் வேறாக இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமாராக 2 முதல் 3 பவுண்டு கூடும், குறையும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் நீளம் ஏறக்குறைய கிடைத்துவிடும். 65 அங்குலம் வந்தால் 26. அப்படிப்பட்டவர் கையில் 30 பவுண்டு வில், 25 பவுண்டு அளவில்தான் இருக்கும்.

நான் துருக்கி பாணியில், கட்டைவிரலால் நாண் இழுப்பவன். நாண் காதைத் தாண்டிப் போகும், இழுப்பு 31 அங்குலம். அதே 30 பவுண்டு வில் எனக்கு 37-ஐத் தொடும். இந்தப் பாணிக்கு வருகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்து ஒருபடி குறைவாகவே வாங்குங்கள். அந்த வில் எத்தனை அங்குலம் வரை தாங்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

*

வில்லை வளைத்து ஒடித்த கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கனமான வில்லே வீரம் என்ற எண்ணம் சுலபத்தில் போகாது. என்னிடம் ஒருவர் மேரி ரோஸ் கப்பலைக் காட்டி வாதாடினார். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே கொண்டுவரப்பட்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல் அது. அதில் கிடைத்த விற்களின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சரி, ஆனால் அந்த வீரர்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்? அதே காலத்தைச் சேர்ந்த ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார் 1549-ல் அரசர் முன் பேசிய பிரசங்கத்தில் அது இருக்கிறது. வயதுக்கும் பலத்துக்கும் தக்கபடி தனக்கு வில் வாங்கித் தந்தார்கள், தான் வளர வளர வில்லும் பெரிதானது என்கிறார். சிறுவயதிலிருந்து படிப்படியாக ஏறியவர்களின் எண் அது. நேற்று தொடங்கியவர் அதோடு தன்னை ஒப்பிடவே கூடாது.

*

எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம்.

வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், இலக்குக்கு நேராகப் பிடித்தபடி இழுத்துப் பாருங்கள். முழு இழுப்பில் பத்து விநாடி நடுக்கமில்லாமல் நிற்க வேண்டும். ஒருமுறை முடிந்தால் போதாது. சற்று இளைப்பாறிவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசி இழுப்பும் முதல் இழுப்பைப் போலவே இருந்தால் அந்தப் பவுண்டு உங்களுக்கானது.

முடிந்தால் கழற்றி மாட்டும் ரீகர்வ் வாங்குங்கள். கைப்பிடி அப்படியே இருக்கும், வில்லின் வளையும் மேல், கீழ்ப் பாகங்களை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஏறும்போது 2 முதல் 4 பவுண்டு மட்டும் ஏறுங்கள், அதுவும் பயிற்சியின் கடைசி அம்புவரை உங்கள் நிலை குலையாமல் இருந்தால்தான்.

சோதித்துப் பார்க்கையில் அம்பில்லாத நாணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அம்புக்குள் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி, அது உடைந்தும் போகலாம். இழுத்த வேகத்திலேயே மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.