கிளிமஞ்சாரோ: உச்சி தொட்டவங்க, பாதியில திருப்பி விடப்பட்டவங்க, ரெண்டு பேரும் சொல்லுங்க

ராத்திரி_நடை

மச்சாமே வழி, உச்சிக்கு முந்தின பராஃபு கேம்ப், நடுராத்திரி கிளம்பறது, ஹெட்லைட் வரிசை, "போலே போலே" (மெதுவா, மெதுவா)... இதெல்லாம் இங்க யாருக்கும் புதுசு இல்ல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற ஸ்டெல்லா பாயின்ட்டுக்குக் கீழ அந்த ஜல்லிச் சரிவு வளைஞ்சு வளைஞ்சு ஏறுமே, அங்க. விடியக் கொஞ்ச நேரம் இருந்துச்சு. தண்ணிப் பையோட குழாய் உறைஞ்சு போச்சு. ஒரு பாறையில சாய்ஞ்சு நின்னேன். முன்னாடி போன தலைமை கைடு திரும்பி இறங்கி வந்தாரு. என் கண்ணு கூசாம இருக்க ஹெட்லைட்டைக் கையால பொத்திக்கிட்டு இங்கிலீஷ்ல கேட்டாரு, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?"

பதில் சொன்னேன். தமிழ்ல சொல்லியிருக்கேன். அது அப்ப எனக்கே தெரியல. மறுபடி கேட்டாரு. மறுபடியும் தமிழ். ஒரு காலோட குதி இன்னொரு கால் நுனியில ஒட்டற மாதிரி வச்சு நேர்கோட்டுல நடன்னாரு. அடுக்கடுக்கா பேன்ட், கட்டை பூட்ஸ், கீழ உருளுற கல்லு. அதுல எவன் நேரா நடப்பான்? ரெண்டாவது அடியிலயே சாஞ்சேன். உதவி கைடைக் கூப்பிட்டு சுவாஹிலில ஏதோ சொன்னாரு. அவர் என் பையைக் கழட்டித் தன் மார்ல மாட்டிக்கிட்டு, என் கையைக் கோத்துக்கிட்டு கீழ்ப்பக்கம் திருப்பிட்டாரு. மத்தவங்க மேல போயிட்டாங்க.

என்னை உறுத்தறது அது இல்ல. மூணடி தள்ளி என் நண்பன் நின்னுட்டிருந்தான். ஸ்கூல்ல இருந்து கூடப் படிச்சவன். "அவன் உளறல சார், எங்க பாஷையில பேசறான்"னு ஒரு வரி சொல்லியிருக்கலாம். கைடு அவன் முகத்தைப் பாத்தாரு, ஏதாவது சொல்லுவான்னு. இவன் குனிஞ்சு ட்ரெக்கிங் போலோட வாரை இறுக்கிட்டிருந்தான். ஏற்கெனவே இறுக்கமா இருந்த வாரு அது.

மத்தியானம் உச்சியில இருக்கற உஹூரு போர்டு போட்டோவோட பராஃபுக்கு வந்தான். கேட்டேன். "நீ என்ன சொன்னேன்னு தெரியுமா? தயிர்சாதம், மாவடுன்னு சொன்ன"ங்கறான். நாங்க சாப்பிட்டது வெள்ளரிக்காய் சூப்பும் பாஸ்தாவும். சரி, கிண்டலுக்குச் சொல்லியிருப்பேன். தினம் பாஸ்தா தின்னவன் வாயில வேற என்ன வரும்? எது எப்படியோ, அவன் வாயைத் திறந்திருக்கணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.

கொங்கு_பைக்கர்

திறக்காம இருந்ததே நல்லதுங்க. நல்லாப் பேசறாங்கறதெல்லாம் ஒரு அத்தாட்சியே இல்லீங்க.

நாங்க போனது மரங்கு வழி. கடைசிக் குடிலான கிபோ ஹட்ல படுத்த மாதிரி பேர் பண்ணிட்டு ராத்திரி கிளம்பி, ஹான்ஸ் மேயர் குகையெல்லாம் தாண்டி, எரிமலை வாய் விளிம்புல இருக்கற கில்மன்ஸ் பாயின்ட் வந்தாச்சு. 5685 மீட்டர். பின்னாடி மவென்சிங்கற இன்னொரு சிகரத்துப் பக்கம் சூரியன் வந்துட்டு இருக்குது. எங்க கூட்டத்துல பெரியவர் ஒருத்தர், வழியெல்லாம் இங்கிலீஷ்ல அரசியல் பேசிக்கிட்டே வந்தவருங்க, ஒரு பாறை மேல உக்காந்தாரு. கையுறையைக் கழட்டினாரு. அப்புறம் பூட்ஸ் கயிறை அவுத்து, ரெண்டு பூட்ஸையும் கழட்டி, வீட்டு வாசப்படியில விடற மாதிரி ஜோடியாத் திருப்பி வெச்சாரு. அந்தக் குளிர்ல. நாங்க பாத்துக்கிட்டே நிக்கறோம், யாருக்கும் பேச்சு வரல.

கைடு மண்டி போட்டு உக்காந்து, அவரு காலைத் தன் மடியில எடுத்து வெச்சுத் தேச்சு, பூட்ஸை மாட்டி, கயிறு கட்டினாரு. கட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இவரு என்னடான்னா, "நான் கட்டின பணத்துக்கு உச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போறது உன் கடமை"ன்னு சுத்தமான இங்கிலீஷ்ல வாதாடறாரு. ஒரு இலக்கணப் பிழை கிடையாதுங்க. அந்த ஆளா பூட்ஸைக் கழட்டினதுன்னு எனக்கு இன்னும் நம்ப முடியல.

ஈப்போ_ராஜன்

எல்லாரும் கைடு சொன்னது வேதவாக்குன்னு பேசறீங்க. கைடுக்கும் அதே தலைதானே?

நான் எங்க மலேசியாவுல கினாபாலு மலை ஏறிப் பழகினவன். அது 4095 மீட்டர், ஒரு ராத்திரி தங்கி ஏறி இறங்கிடலாம். கிளிமஞ்சாரோவும் அதே மாதிரி கொஞ்சம் நீளமா இருக்கும்னு போனேன். வழியில லாவா டவர்ங்கற இடத்துல மத்தியானச் சாப்பாடு. கூடாரத்துக்குப் பின்னால போனா எங்க உதவி கைடு, சின்னப் பையன், ரெண்டு முட்டிக்கு நடுவுல தலையைக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கான். பக்கத்துல வாந்தி. என்னைப் பாத்ததும் எழுந்து சிரிச்சான். உதட்டுல விரலை வச்சான். அவ்வளவுதான். சாயங்காலம் பாரங்கோ கேம்புல எங்க விரல்ல கருவி மாட்டி ஆக்சிஜன் பாத்து நோட்டுல எழுதினதும் அதே பையன்தான்.

அவன் விரல்ல யாரு மாட்டினா? சொன்னா அவனைக் கீழ அனுப்பிடுவாங்க, கூலியும் டிப்ஸும் போச்சு. கைடுதான் டாக்டர்னு நம்பறவங்க இதையும் சேத்து யோசிங்க லா.

ஸ்டெதாஸ்கோப்

நான் மருத்துவர். என் கதை ரெண்டு வரிதான். ஷிரா கேம்பில் ஒருவர் ஆக்சிஜன் அளவு பார்ப்பதற்கு முன் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வந்தார், எண் ஏறட்டும் என்று. என்னிடம் கண்ணடித்தார். அடுத்த நாள் நடையில் அவர் எனக்கு முன்னால் போனபோது நான் அவர் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இனி, மேலே பேசியவற்றுக்கு. ராத்திரி நடை, தமிழில் பேசியது பிரச்சினையே இல்லை. மாவடுதான் பிரச்சினை. உயரத்தில் மூளை வீங்க ஆரம்பித்தால் முதலில் போவது குழப்பமில்லாத நினைவும் கால் நிதானமும். அதனால்தான் அந்த இரண்டு சோதனைகள். சரிவில் நேர்கோட்டில் நடப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் அந்த இருட்டில் கைடிடம் வேறு கருவி என்ன இருந்தது? சந்தேகம் வந்தால் இறக்கு என்பதுதான் விதி. உறுதியானால் இறக்கலாம் என்று காத்திருந்தால், அதற்குள் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாகிவிடும். கீழே வந்ததும் தெளிந்துவிட்டது என்பதை வைத்து ஒன்றுமில்லை என்று வாதாடாதீர்கள். இறக்கினதால்தான் தெளிந்தது.

விரல் கருவி ஒரு துணை, அவ்வளவே. விரல் குளிர்ந்திருந்தால் தவறாகக் காட்டும். எண் நன்றாக இருந்து ஆள் தள்ளாடினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மாத்திரை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டயமாக்ஸ் எனப்படும் அசெட்டசோலமைடு, தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா பானம் சப்பென்று இருக்கும். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) போட்டுக்கொண்டு உச்சிக்குப் போகலாமா என்று தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கு: அது ஆளை இறக்குவதற்கான மருந்து.

எல்லாவற்றையும்விட முக்கியம் நாட்கள். 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது பொதுவான பரிந்துரை. மரங்கு வழியில் தூங்கும் குடில்கள் மண்டாரா 2720, ஹொரோம்போ 3720, கிபோ 4720. நீங்களே கழித்துப் பாருங்கள். மச்சாமே, லெமோஷோ வழிகளில் 4600 வரை ஏற்றிவிட்டு பாரங்கோவில் 3976-க்கு இறக்கித் தூங்க வைக்கிறார்கள். அதற்குத்தான் கூடுதல் காசு. பயண நிறுவனம் ஒரு நாளைக் குறைத்து விலை சொன்னால் வாங்காதீர்கள்.

ராத்திரி_நடை

டாக்டர் மேடம், எல்லாம் சரி. நான் கேட்டது கைடைப் பத்தி இல்ல, நண்பனைப் பத்தி.

கரவெட்டித்_தம்பி

டொக்டர் சொல்லுறது சரிதான். எண்டாலும் ஈப்போ ராஜன் சொன்னதை ஒருத்தரும் கண்டுகொள்ளேல்லை. எனக்கும் மனசிலை நிக்கிறது அந்தப் பெடியங்கள்தான்.

பராஃபுவிலை தண்ணி இல்லை. கடைசித் தண்ணி கராங்கா ஓடையிலை. அங்கையிருந்துதான் போர்ட்டர்மார் கானிலை நிரப்பித் தலையிலை வைச்சுக்கொண்டு ஏறி வாறவை. எனக்கு இது முதலே தெரியும். எங்கடை குழுவிலை வந்த ஒருத்தனுக்குத் தெரியுமோ தெரியாதோ, பின்னேரம் முகம் கழுவக் குடுத்த சுடுதண்ணி காணாதெண்டு இன்னும் ரெண்டு கோப்பை வாங்கி ஷாம்பு போட்டுத் தலை முழுகினவன். தண்ணி கொண்டுவந்த பெடியன் கானை இறக்கி வைச்சுப்போட்டுப் பக்கத்திலைதான் நிண்டவன். நுரை கல்லுக்குள்ளாலை ஓடிப் போகுது. அவன் அந்த நுரையைப் பார்த்தான், அது மண்ணுக்குள்ளை இறங்கி முடியுமட்டும் பார்த்தான். முகத்திலை கோபமும் இல்லை, ஒண்டும் இல்லை. பிறகு வெறுங்கானைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கீழை இறங்கினான். முழுகினவன் தலையைத் துடைச்சுக்கொண்டு பின்னாலை "அசாந்தே!" (நன்றி) எண்டு கத்தினான்.

போர்ட்டருக்கு 20 கிலோ எண்டு வாசலிலை தராசிலை நிறுக்கினம். கராங்காவிலை தராசு இல்லை.

பாரங்கோ சுவரிலை சாமானோடை வாற போர்ட்டருக்கு வழி விடுறதெண்டால் மலைப்பக்கம் ஒதுங்குங்கோ, பள்ளப்பக்கம் நிக்காதேங்கோ. இது கேக்காத புத்திமதிதான், டொக்டர் தொடக்கி வைச்சவா.

மரங்கு_மாலா

டாக்டர் மரங்குவைக் குறை சொல்லியாச்சு, நான் ஆஜர். 1889-ல ஜெர்மன்காரர் ஹான்ஸ் மேயர் முதல் முதலா உச்சிக்குப் போனது இந்த மரங்கு பக்கமிருந்துதான். படுக்க மரக்குடில் இருக்கு, மழையில கூடாரம் நனையாது, ஹொரோம்போவுல ஒரு நாள் கூடுதலாத் தங்கலாம். டாக்டர் அந்த நாளைச் சொல்லவே இல்ல. ஏறின வழியிலயே இறங்கறது போரடிக்கும், அது மட்டும் ஒத்துக்கறேன்.

ஆனா அப்படி ஒரே வழியா இருக்கறதால, இறங்கறவங்களை எல்லாம் ஏறறவங்க பாத்தே ஆகணும். ஹொரோம்போ தாண்டி, மவென்சி, கிபோ ரெண்டு சிகரத்துக்கும் நடுவுல புல்பூண்டே இல்லாத பொட்டல் வருமே, அங்க போயிட்டிருக்கோம். எதிர்ல ஒத்தைச் சக்கர ஸ்ட்ரெச்சர். சுத்தி ஆளுங்க பிடிச்சுக்கிட்டு ஓட்டமா ஓடி வர்றாங்க. நாங்க ஒதுங்கினோம். ஸ்லீப்பிங் பேக்குல வச்சு இறுக்கிக் கட்டியிருந்த ஆளோட முகம் மட்டும் தெரியுது. நம்ம ஊர்க்காரர். நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சாம், கைடு அப்புறம் சொன்னாரு. கல் ஒண்ணுல சக்கரம் மாட்டி ஒரு நிமிஷம் நின்னுது. அந்த ஒரு நிமிஷத்துல அவர் என்னைப் பாத்து, "தமிழா? மேல போனா அந்த போர்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புறீங்களா? ஆள் வேண்டாம், போர்டு மட்டும்"னாரு. மூச்சு வாங்க வாங்க நம்பர் சொல்ல ஆரம்பிச்சாரு. நான் கையுறையைக் கழட்டி போன்ல அடிக்கிறேன். எட்டாவது எண் சொல்றப்ப சக்கரம் விடுபட்டுச்சு, ஓட ஆரம்பிச்சுட்டாங்க. அவர் கத்திக்கிட்டேதான் போறாரு, காத்துல ஒண்ணும் கேக்கல.

போர்டு போட்டோ எடுத்தேன். நான் இல்லாம, வெறும் போர்டு, பின்னாடி பனிப்பாறை தெரியற மாதிரி. இன்னும் போன்ல இருக்கு. ரெண்டு எண்தானே பாக்கி, நூறு பேருக்கும் அனுப்பிடுங்கறான் என் தம்பி. அனுப்பலாம்னுதான் தோணுது.

கொங்கு_பைக்கர்

அனுப்பிப் போடாதீங்க மேடம். தெரியாத நூறு நம்பருக்கு ஒரே படம் போனா வாட்ஸ்அப்காரன் உங்க நம்பரை முடக்கிடுவான். எஸ்எம்எஸ்ல நாளுக்குப் பத்துப் பேரா, "கிளிமஞ்சாரோல ஸ்ட்ரெச்சர்ல வந்தது நீங்களா?"ன்னு மட்டும் கேளுங்க. ஆமான்னு வந்தா போட்டோ.